மட்டக்களப்பு காந்தி பூங்காவில் தொலைந்த வெள்ளிக் கொலுசை மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடினால் கிடைக்குமா? அனுமதி எடுக்க வேண்டுமா?

கேள்வியில் நீங்கள் சொன்னபடி, மகள் விளையாடும்போது ஒரு கால் கொலுசு கழன்று விழுந்திருக்கிறது. புல்லுக்குள் கையால் தேடியும் கிடைக்கவில்லை. கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் டிடெக்டரைக் கையில் எடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளி நகைகளில் இயந்திரத்துக்கு அகப்படக் கஷ்டமானவற்றில் கொலுசும் ஒன்று.

காரணம் இதுதான். டிடெக்டரின் கொயில் (அடியில் இருக்கும் வட்டமான கம்பிச் சுருள்) மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை நிலத்துக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்த மின்னோட்டம் திருப்பித் தரும் சிறிய காந்தப்புலத்தைத்தான் இயந்திரம் சத்தமாகவும் எண்ணாகவும் காட்டுகிறது. உலோகங்களில் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. அதனால் மோதிரம், காப்பு போன்ற மூடிய வளையம் என்றால் உரத்த, தெளிவான சத்தம் வரும், திரையில் பெரிய எண் விழும். கொலுசோ சின்னச் சின்னக் கண்ணிகளால் ஆனது. ஒரு கண்ணியிலிருந்து அடுத்ததுக்கு மின்னோட்டம் ஒழுங்காகப் பாயாது. ஆகவே இயந்திரத்துக்கு முழுக் கொலுசு தெரியாது, தனித்தனிக் கண்ணிகள்தான் தெரியும். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் அலுமினியத் தாளுக்கு வரும் சின்ன எண்ணே இதற்கும் வரும்.

பூங்காவில் குப்பை அதிகம் என்று தாளுக்குரிய எண்களை ஒதுக்கிவைத்துத் தேடுபவர்கள் பலர். டிடெக்டரிலேயே அதற்கு வசதி இருக்கிறது. மோதிரத்துக்கு அது சரிவரலாம். கொலுசு தேடும்போது அப்படி ஒதுக்கினால் கொலுசையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவீர்கள், அதன் மேலேயே நடந்து போனாலும் இயந்திரம் வாய் திறக்காது. எதையும் ஒதுக்காமல் எல்லாச் சத்தத்தையும் கேளுங்கள். சோடா மூடியும் தாளும் நிறைய வரும்தான். பொறுமையாக ஒவ்வொன்றையும் பாருங்கள்.

உங்களிடம் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. மற்றக் கால் கொலுசு வீட்டில் இருக்கிறதே! அதில் ஒரு நூலைக் கட்டி, மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு, வீட்டு முற்றத்து மணலில் இரண்டு விரல் ஆழத்தில் புதையுங்கள். அதன் மேல் கொயிலை ஆட்டிப் பாருங்கள். கொலுசை நீட்டிவைத்தால் எப்படிக் கேட்கிறது, சுருட்டிவைத்தால் எப்படிக் கேட்கிறது, கொக்கிப் பக்கம் எப்படி, மணி தொங்கும் இடம் எப்படி என்று காதுக்குப் பழக்குங்கள். எண் என்ன வருகிறது என்று எழுதிவையுங்கள். பூங்காவில் நீங்கள் தேடப் போவது அதே சத்தத்தைத்தான். கொக்கியும் மணிகளும் கொஞ்சம் திரட்சியானவை என்பதால் பெரும்பாலும் முதலில் அகப்படுவது அவைதான்.

தேடும் முறையை என் பெரியம்மாவின் மகனிடம் கற்றேன். அண்ணன் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவர். 2017இல் மட்டக்களப்பு கண்ணிவெடி இல்லாத மாவட்டமாக அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால் இவரைப் போன்றவர்களின் உழைப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் சொல்லித்தந்தது இது. மனம் போன திசையில் நடக்கக் கூடாது. கயிறு கட்டி ஒரு மீற்றர் அகலப் பட்டிகளாக நிலத்தைப் பிரிக்க வேண்டும். கொயில் நிலத்தோடு ஒட்டினாற்போல் போக வேண்டும், வீச்சின் முடிவில் மேலே தூக்கக் கூடாது. ஒவ்வொரு வீச்சும் முந்தையதின் பாதியை மூட வேண்டும். ஒரு பட்டி முடிந்த பிறகே அடுத்தது. அவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கடைப்பிடித்த ஒழுங்கு அது, நகை தேடவும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அதற்கு முன் பூங்காவைத் துப்புரவு செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சருகு கூட்டும் கைகளில்தான் இப்படிப்பட்டவை அடிக்கடி அகப்படும். பிறகு மகளையே கூட்டிக்கொண்டு போய், எங்கே ஓடினாள், எங்கே இருந்தாள், எங்கே செருப்பைக் கழற்றினாள் என்று காட்டச் சொல்லுங்கள். ஊஞ்சல், சறுக்கு அருகே இரும்புக் கால்கள் சத்தம் போடும், அந்த இடங்களில் உணர்திறனைக் குறையுங்கள். இருட்டும் நேரத்தில் டோர்ச்சை நிலத்தோடு சாய்த்து அடித்தால் புல்லுக்குள் வெள்ளி மினுங்கும். ஆனால் நாள் கடந்தால் கறுத்துவிடும், வாவிக் கரையில் இன்னும் சீக்கிரம் கறுக்கும். கறுத்தாலும் டிடெக்டருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

அண்மையில் விழுந்தது என்பதால் கொலுசு ஆழத்தில் இருக்காது. மண்வெட்டி வேண்டவே வேண்டாம். ஸ்குரூ டிரைவரால் புல்லை மெல்ல விலக்கிப் பார்த்துவிட்டு, திரும்ப மூடி மிதித்துவிடுங்கள். பொதுப் பூங்காவைக் கொத்திப்போட யாருக்கும் உரிமை இல்லை.

அனுமதியை இலேசாக எடுக்காதீர்கள். எங்கள் நாட்டில் டிடெக்டரோடு நிலத்தைப் பார்த்தபடி நடப்பவரைக் கண்டால் புதையல் தோண்டுபவர் என்றுதான் முதலில் நினைப்பார்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்தைய பொருள்கள் தொல்பொருள்கள். அவற்றைத் தேடி அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். பூங்கா இருக்கும் மட்டக்களப்பு நகரிலேயே 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையும் இருக்கிறது. ஆகவே என்ன தொலைந்தது, எப்போது, எங்கே தேடப் போகிறீர்கள் என்று மாநகர சபைக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். பொலிசிலும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒரு கொலுசுக்காக இயந்திரம் வாங்கத் தேவையில்லை, வைத்திருப்பவர் யாரையாவது கூட்டிப் போனால் போதும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் காசு கட்டும் முன் சுங்கத்தில் விசாரியுங்கள்.

துப்பாக்கி ரவைக் கோதுகள் பித்தளை, அவையும் நல்ல சத்தம் தரும். வெடிக்காத எதையாவது கண்டால் தொடாமல் விலகி 119க்கு அழையுங்கள்.

கடற்கரையில் தேடுவது வேறு விதம், அதைப் பலர் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். உப்பு நீர் ஊறிய மணலும் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் ஒற்றை அதிர்வெண் இயந்திரங்கள் ஈர மணலில் சும்மா கத்திக்கொண்டே இருக்கும். காய்ந்த மணலில் பிரச்சினை இல்லை. ஈர மணலுக்குப் பல அதிர்வெண் இயந்திரம் வேண்டும். கல்லடி, டச்பார், நாவலடிப் பக்கம் பழைய நகை ஏதாவது அகப்பட்டால் தயவுசெய்து அதை உங்களுடையதாக நினைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அங்கே வீடுகள் வீடுகளாகப் போயின. அது யாருடைய அம்மாவின் வளையலோ, எந்தப் பிள்ளையின் அரைஞாணோ. பொலிசில் ஒப்படைத்துத் துண்டு வாங்குங்கள்.

உங்கள் கொலுசுக்காகப் பூங்கா வாசலில் அறிவித்தல் ஒட்டுவதானால், மணி எத்தனை, பூ வேலை எப்படி என்று எழுத வேண்டாம். கண்டெடுத்தவர் உங்களிடம் கேட்பதற்கு அந்த விவரம் மிச்சம் இருக்கட்டும். போகும்போது சோடிக் கொலுசைக் கையோடு கொண்டு போங்கள். பூங்காவின் எந்தப் பக்கம், எப்போது விழுந்தது என்று கீழே எழுதினால், எந்த இடத்தில் முதல் பட்டியைப் போடலாம் என்று சொல்கிறேன்.