சிலந்தி போலிருந்த பாலியோகாரினிடே: கேள்வி பதில்

ரமா: பாலியோகாரினஸ் என்ற புதைபடிவ உயிரியின் படத்தைப் பார்த்தால் அசல் சிலந்தி மாதிரியே இருக்கிறது. ஏன் சிலந்தி இல்லை என்கிறார்கள்?

முதுகைப் பாருங்கள். வயிற்றின் மேல்புறம் வரிசையாகத் தகடுகள். பெரும்பாலானவை நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்றாகப் பிரிந்திருக்கும். சிலந்திகளில் இந்த அமைப்பு கிடையாது. நூல் சுரக்கும் காம்புகளும் இதற்கு இல்லை. வலையில் உட்கார்ந்திருப்பதுபோல் யாராவது வரைந்திருந்தால் அது தவறு. இது பாலியோகாரினிடே குடும்பத்தைச் சேர்ந்தது; அந்தக் குடும்பம் ட்ரைகோனோடார்பிடா என்ற அழிந்துபோன வரிசையில் அடங்கும்.

யூசுப்: எங்கே கிடைத்தது?

ஸ்காட்லாந்தில், அபர்டீன்ஷயரின் ரைனி கிராமத்தில். வயது சுமார் 41 கோடி ஆண்டுகள். 1923இல் விலங்கியலாளர் ஹர்ஸ்ட் பெயரிட்டு விவரித்தார். நியூயார்க் மாநிலத்தின் கில்போவாவிலும் இந்தக் குடும்பத்தார் உண்டு.

கவிதா: சில மில்லிமீட்டர் உயிரி நசுங்காமல் எப்படித் தப்பியது?

அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. சிலிக்கா கரைந்த நீர் உடலுக்குள் ஊறி, அது அழுகிச் சிதைவதற்குள் இறுகிவிட்டது. அதனால்தான் கால் மயிர்கூட நிற்கிறது.

பிரபு: ரைனி செர்ட்டில், அதாவது அந்தச் சிலிக்காப் பாறையில், நுண்ணோக்கியில் பார்க்கும் மென்சீவல் (மெல்லிய பாறைச் சீவல்) எடுப்பது எப்படி?

வைர ரம்பத்தால் துண்டு போடுங்கள். ஒரு முகத்தை வழவழப்பாகத் தேய்த்து, எபாக்ஸிப் பசையால் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, மறுமுகத்தை சிலிக்கன் கார்பைடு பொடியால் தேய்க்க வேண்டும். பலரும் இடறுவது தடிமனில். பாறை ஆய்வுக்கு வழக்கமான 30 மைக்ரான் வரை தேய்த்தால் காலும் தாடையும் துணுக்குகளாகத்தான் மிஞ்சும். கொஞ்சம் தடிமனாகவே விடுங்கள். நுண்ணோக்கியில் குவியத்தை மேலும் கீழும் நகர்த்தி முழு வடிவத்தைப் பிடிக்கலாம். அடிக்கடி நிறுத்திப் பாருங்கள், தேய்த்துப் போனது திரும்பாது. பசையில் காற்றுக்குமிழி சிக்கினால் அதைக் கண் என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. ரம்பத்தின் தடிமன் அளவுக்கு ஒவ்வொரு வெட்டிலும் கல் போய்விடும். எங்கே வெட்டுவது என்று முதலிலேயே தீர்மானியுங்கள்.

தேவி: உள்ளே இருப்பது புத்தக நுரையீரல்தானா, அதாவது காற்றில் சுவாசிக்க ஏடுகளாக அடுக்கிய உறுப்பா? நீரில் வாழும் பிராணியின் செவுளாக இருக்கக்கூடாதா?

நியாயமான சந்தேகம். 1961இல் கிளாரிட்ஜ், லயன் என்ற ஆய்வாளர்கள் வயிற்றின் முன்பகுதியில், அடிப்புறமாக, ஏடு ஏடாக அடுக்கிய தகடுகளைக் காட்டினார்கள். அடுக்குக்குக் குறுக்கே வெட்டு விழுந்தால்தான் இது தெரியும். 2008இல் வந்த ஆய்வு இன்னும் நெருங்கிப் பார்த்தது: ஏடுகளுக்கு இடையே நுண்ணிய தூண்கள். ஈர ஏடுகள் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் அவை தாங்கிப் பிடிக்கின்றன. இன்றைய தேளிலும் சிலந்தியிலும் இதே வேலைக்கு இப்படிப்பட்ட தூண்கள் இருக்கின்றன. நீரில் மிதக்கும் செவுளுக்கு அந்தத் தேவையே இல்லை.