ஓர் அறிபுனைப் படம் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையில் சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்த மெனக்கெட வேண்டுமா?

கேள்வியில் படத்தின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. ஓர் அறிபுனைப் படம், அதைப் பற்றிய தமிழ் இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரையில் சில பிழைகள், திருத்தினால் இரண்டு நாளில் யாரோ பழையபடி மாற்றிவிடுகிறார்கள், "சினிமாக் கட்டுரைதானே, விடு" என்று நண்பர்கள் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இளையவராக இருப்பீர்கள், வேலை முடிந்து வந்து இரவில் இதைச் செய்கிறீர்கள், இப்போது கொஞ்சம் களைத்துப் போயிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

மெனக்கெடத்தான் வேண்டும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், ஏன் என்று உங்களுக்கே விளங்கும்.

நான் சினிமா விமர்சகன் இல்லை. கொழும்பு, புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன், வீடு வெள்ளவத்தையில். அப்பா ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஒப்புநோக்காளராக இருந்தவர். வீட்டுக்குக் கல்யாணக் கார்ட் வந்தாலும் சிவப்புப் பேனையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வாசிப்பார்.

1986இல், ஹேலி வால்வெள்ளி வந்த வருடம், எனக்கு 13 வயது. பக்கத்து வீட்டில் புதிதாக வீடியோ டெக் வாங்கியிருந்தார்கள். யாரோ '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' கொப்பியைக் கொண்டுவந்தார்கள். முதல் 25 நிமிடம் அளவில் யாரும் வாய் திறக்காத படம் அது. பாலைநிலத்தில் மனிதக்குரங்குகள், கறுப்பாக ஒரு கற்பலகை, ஓர் எலும்பு, அப்புறம் விண்வெளி. பக்கத்து வீட்டு மாமி கொப்பி பழுது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். கடைசிவரை இருந்தது நானும் அப்பாவும்தான். திரும்பி நடந்து வரும்போது அப்பா சொன்னார்: "உந்தப் படத்தின்ர கதையை எழுதினவர் எங்கட ஊரிலதான் இருக்கிறார் தம்பி. பார்ன்ஸ் பிளேசில. இங்க இருந்துதான் எழுதினவர்."

அந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கை எனக்கு முன்பே தெரியும். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குக் கீழே கடலுக்குள் இறங்கிப் பழைய கோயிலின் கற்களைப் பார்த்த வெள்ளைக்காரர் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவரேதான் இந்தப் படத்தையும் எழுதியவர், அதையும் பார்ன்ஸ் பிளேஸ் இருக்கிற கறுவாத்தோட்டத்தில் இருந்து எழுதினார் என்றால் ஒரு 13 வயதுப் பையனுக்கு எப்படி இருக்கும்? 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்த நகரத்தை என் நகரம் என்று சொல்லவே நாங்கள் யோசித்த காலம் அது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நான் கொழும்பை மறுபடி விரும்பத் தொடங்கினேன் என்று சொன்னால் கூட்டிச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

பல வருடங்களுக்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றிய தமிழ்க் கட்டுரையை இணையத்தில் பார்த்தேன். நாலு பந்திதான், ஆனால் பந்திக்கு ஒரு பிழைக்கு மேல் இருந்தது. கிளார்க்கின் நாவலைத் தழுவி எடுத்த படம் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார்கள். படம் வெளிவந்தது 1968 ஏப்ரலில், நாவல் அதற்குப் பிறகுதான் வந்தது. கிளார்க்கும் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளர்த்தார்கள். கப்பல் சனிக்கோளுக்குப் போகிறது என்று இருந்தது. அது நாவலில். படத்தில் அது போவது வியாழனுக்கு, ஏனென்றால் சனியின் வளையங்களைத் திரையில் நம்பும்படி செய்து காட்ட அவர்களால் அன்றைக்கு முடியவில்லை. கற்பலகையின் அளவு 1:4:9 என்ற விகிதத்தில் இருப்பதாகப் படம் சொல்கிறது என்று ஒரு வரி. படத்தில் அந்தப் பேச்சே இல்லை, நாவலில்தான் வருகிறது. இசையமைத்தவர் ஸ்ட்ராஸ் என்று ஒருவரை மட்டும் போட்டிருந்தார்கள். படத்தில் இருப்பது இரண்டு ஸ்ட்ராஸ். தொடக்கத்தில் சூரியன் எழும்போது வருவது ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் இசை, விண்கலம் மிதக்கும்போது வரும் வால்ஸ் இரண்டாம் யோஹான் ஸ்ட்ராஸுடையது. இருவரும் உறவுக்காரர்கள்கூட இல்லை. நான்கு ஒஸ்கார் விருதுகளை வென்றது என்றும் இருந்தது. நான்குக்குப் பரிந்துரைக்கப்பட்டது, கிடைத்தது ஒன்று, சிறப்புக் காட்சி விளைவுகளுக்கு. குப்ரிக் தன் வாழ்நாளில் வாங்கிய ஒரே ஒஸ்கார் அது.

படத்தில் வரும் ஹால் என்கிற கணினி எப்போது இயங்கத் தொடங்கியது என்பதற்கு மட்டும் எனக்கு ஒரு முழு இரவு போனது. கட்டுரையில் 1997 ஜனவரி 12 என்று இருந்தது. எனக்கு 1992 என்று காதில் கேட்ட ஞாபகம். டிவிடியைப் போட்டு, ஹால் தன் பிறப்பைச் சொல்லும் இடத்தை மூன்று தரம் கேட்டேன். 1992தான். நாவலில் 1997. அதாவது எழுதினவர் பொய் எழுதவில்லை, புத்தகத்தைப் பார்த்துப் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். உங்கள் கட்டுரையிலும் பாதிப் பிழை இப்படித்தான் வந்திருக்கும். பார்க்காத ஆள் எழுதியது என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்.

எல்லாவற்றையும் திருத்தினேன், ஒவ்வொன்றுக்கும் சான்று போட்டேன். கடைசியில் சந்தோஷத்தில் ஒரு வரியை நானாகச் சேர்த்தேன்: "இப்படத்தின் கதையைக் கிளார்க் கொழும்பில் இருந்து எழுதினார்." அந்த வரிக்கு மட்டும் சான்று போடவில்லை. அது எனக்குத் தெரிந்த விஷயம், அப்பா சொன்ன விஷயம்.

எட்டு மாதம் அந்த வரி அங்கே இருந்தது. அதற்குள் என் பெறாமகளின் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி வந்தது. அவள் கிளார்க்கைப் பற்றி ஒரு சார்ட் செய்தாள். 1945இலேயே பூமியோடு சேர்ந்து சுற்றும் தொடர்புச் செய்மதிகளைப் பற்றி அவர் எழுதியது, மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தது, எல்லாம் அழகான எழுத்தில். நடுவில் பெரிய எழுத்தில் என் வரி. "நெட்டில இருந்து எடுத்தனான் சித்தப்பா" என்றாள். அது என் வரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடையில், ஒழுங்கையில், கோயிலில் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தச் சார்ட்டின் படத்தைக் காட்டினேன்.

அப்புறம் ஒரு நாள் அந்த வரி கட்டுரையில் இல்லை. நீக்கியவர் ஒரு குறிப்பு வைத்திருந்தார்: "ஐயா, இதற்குச் சான்று உண்டா?" கோயம்புத்தூரில் படிக்கிற ஒரு மாணவர் என்று பிறகு தெரிந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. எங்கள் ஊரில் 52 வருடம் இருந்தவரைப் பற்றி, கனத்தை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டவரைப் பற்றி, எங்களுக்கு அங்கிருந்து ஒருவர் சொல்வதா? இந்தியத் தமிழ் நண்பர்கள் கோபிக்க வேண்டாம். கொழும்பில் தமிழில் எழுதுகிறவனுக்கு நியூயோர்க்கை நியூயார்க் என்றும் ஒஸ்காரை ஆஸ்கார் என்றும் மாற்றி மாற்றியே பாதி ஆயுள் போய்விடுகிறது, அந்தக் காயம் பழையது. மூன்று நாள் பதில் போடாமல் இருந்தேன். நாலாம் நாள், சான்றைக் கொண்டுவந்து முன்னால் வைக்கிறேன் என்று தேடத் தொடங்கினேன்.

மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்தபிறகு கிளார்க் 1972இல் வெளியிட்ட 'த லொஸ்ட் வேர்ல்ட்ஸ் ஒஃப் 2001' கிடைத்தது. படம் எப்படி உருவானது என்று அவரே எழுதியது. கடைக்காரர் தூசியைத் தட்டித் தந்ததும் நின்ற இடத்திலேயே வாசித்தேன். அந்த நாவலை எழுத அவர் உட்கார்ந்த இடம் நியூயோர்க்கில் செல்சி ஹோட்டல். குப்ரிக்கும் அவரும் முதலில் சந்தித்ததும் அந்த நகரத்தில்தான், 1964 ஏப்ரலில். படத்துக்கு விதையாக இருந்த சிறுகதையைத் தேடிப் போனால் அது இன்னும் மோசம். அதை அவர் எழுதியது 1948இல். இலங்கையில் குடியேறியது 1956இல். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் என் வரி நிற்கவில்லை.

அன்று பஸ் எடுக்காமல் மருதானையில் இருந்து நடந்தே வந்தேன். அப்பா அப்போது இல்லை, தவறி ஆறு வருடம். அவருடைய வசனத்தை நானே போய்ப் பொய் என்று எழுத வேண்டுமா என்று இருந்தது. ஆனால் அப்பா கடைசிப் பக்கம் அச்சுக்குப் போன பிறகும் ஒரு எழுத்துக்காக ஓடிப்போய் மெஷினை நிறுத்தச் சொன்ன ஆள். மேசையில் இந்தப் புத்தகம் இருந்திருந்தால் அந்த வரியை முதலில் வெட்டியிருப்பவர் அவர்தான். மாணவருக்கு எழுதினேன்: "தம்பி, நீங்கள் சொன்னது சரி. சான்று எதிர்ப்பக்கம்தான் இருக்கிறது."

பெறாமகளுக்கும் சொன்னேன். "இனி என்ன செய்யிறது சித்தப்பா, மாக்ஸ் போட்டு முடிஞ்சுது" என்றாள். சார்ட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அப்பாவின் சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே சரியானதை இருவருமாக எழுதினோம். அது இப்போது எங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், தமிழில் இருந்தால் எப்படியும் இருக்கலாம் என்ற எண்ணத்தை நான் இந்த நகரத்தில் தினமும் பார்க்கிறேன். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. ஆனால் ஒரு பலகையைத் தமிழில் எழுதிவிட்டு, தமிழ் தெரிந்த ஒருவரிடம் ஒரு தரம் காட்ட ஆள் இல்லை. என் மனைவி எங்கள் இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கான ஆசனத்தில் இருந்தாள். தலைக்கு மேலே இருந்த அறிவிப்பில் 'தாய்மார்' என்பதில் 'த' இருக்க வேண்டிய இடத்தில் 'ந' இருந்தது. அந்தப் படத்தை எடுத்து ஆட்கள் இணையத்தில் போட்டுச் சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை, எழும்பி நின்றுகொண்டு வந்தாள். ஓர் எழுத்துத்தானே என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கீழே எழுதப்போகிறவர்கள் எழுதட்டும். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது.

சரி, உங்கள் விஷயம். மாற்றுகிறவரோடு முதலில் பேசுங்கள், மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். அவரிடமும் ஒரு காரணம் இருக்கும். எங்கள் கட்டுரையில் படத்தின் நீளம் ஒருவருக்கு 160 நிமிடத்துக்கு மேல், இன்னொருவருக்கு 142. இரண்டு பேரும் ஒரு மாதம் சண்டை பிடித்தார்கள். இரண்டுமே சரி. 1968 ஏப்ரல் 2 அன்று வொஷிங்டனில் நடந்த முதற்காட்சிக்குப் பிறகு குப்ரிக்கே சுமார் 19 நிமிடத்தை வெட்டிவிட்டார். அதை ஒரு வசனமாக எழுதியதும் சண்டை ஓய்ந்தது.

இன்னொன்று, மற்ற மொழிக் கட்டுரையில் இருக்கும் திருத்தத்தை அப்படியே கொண்டுவர வேண்டாம். அந்த மாணவர் 1964 என்று வரும் இடத்தில் 'சிலோன்' என்று போட்டு, இன்றைய இலங்கை என்று விளக்கமும் சேர்த்திருந்தார். ஆங்கிலத்துக்கு அது தேவை, அங்கே பெயர் மாறியது 1972இல்தான். தமிழில் அன்றும் இலங்கை, இன்றும் இலங்கை. சொன்னதும் ஏற்றுக்கொண்டார்.

கொழும்பு இப்போதும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. 1964 மார்ச் முடிவில் குப்ரிக் கிளார்க்குக்குக் கடிதம் எழுதினார், கிளார்க் அப்போது இருந்தது இங்கேதான். இந்தியாவில் எங்கோ மரத்தின்மேல் வாழ்கிற கிறுக்கர் என்றுதான் அவரைப் பற்றிக் குப்ரிக் கேள்விப்பட்டிருந்தாராம். அதை வாசித்தபோது எனக்கு வந்த கோபத்தைக் கட்டுரையில் காட்டவில்லை. கடிதம் இலங்கையில் இருந்த கிளார்க்குக்கு எழுதப்பட்டது, நாவல் செல்சி ஹோட்டலில் எழுதப்பட்டது என்று ஒரே வசனம், கீழே சான்று.

போன கிழமை யாரோ ஒஸ்கார் எண்ணிக்கையை மறுபடி 4 ஆக்கியிருந்தார்களாம். நான் கடையடைத்து வந்து கணினியைத் திறந்தபோது கோயம்புத்தூர்த் தம்பி முந்திக்கொண்டு திருத்தியிருந்தார்.