ரோகோஸின் வீட்டுப் படம்

கேள்வி: தஸ்தயேவ்ஸ்கியின் 'அசடன்' நாவலில், வணிகர் மகன் ரோகோஸின் வீட்டில் மாட்டியிருக்கும் இறந்த கிறிஸ்துவின் படத்தைப் பார்த்தால் நம்பிக்கையே போய்விடும் என்கிறான் கதாநாயகன் மிஷ்கின். நிஜமாகவே அப்படி ஓர் ஓவியம் உண்டா? (வாசகி, திருச்சி)

பதில்: உண்டு. ஜெர்மன் ஓவியர் ஹான்ஸ் ஹால்பைன் 1521-22 வாக்கில் வரைந்தது, இப்போதும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் 2 மீட்டர், உயரம் வெறும் 30 சென்டிமீட்டர் சொச்சம். சவப்பெட்டியைப் பக்கவாட்டில் திறந்து பார்ப்பது மாதிரி. வாய் பிளந்திருக்கிறது, கண்கள் மூடவில்லை, முகமும் கைகால்களும் பச்சை பாய்ந்து அழுகத் தொடங்கிவிட்டன. 1867 ஆகஸ்டில் ஜெனீவா போகும் வழியில் தஸ்தயேவ்ஸ்கி இதன் முன் அசையாமல் நின்றுவிட, வலிப்பு வந்துவிடுமோ என்று பயந்து மனைவி அன்னாதான் அவரை அங்கிருந்து அழைத்துப் போனார்.

நாவலில் இருப்பது அதன் நகல், கதவுக்கு மேலே. அப்பா ஏலத்தில் சல்லிசாக எடுத்தது என்று சொல்லிக்கொண்டே வந்த ரோகோஸின், திடீரென்று, நீ கடவுளை நம்புகிறாயா என்று கேட்கிறான். மிஷ்கின் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. நம்பிக்கை போய்விடும் என்றதற்கு ரோகோஸின், ஆமாம், போகத்தான் செய்கிறது என்கிறான், சர்வசாதாரணமாக. அப்புறம் இருவரும் சகோதரர்கள் மாதிரி கழுத்துச் சிலுவையை மாற்றிக்கொள்கிறார்கள்; அன்றைக்கே அதே ரோகோஸின் மிஷ்கினைக் கொல்லக் கத்தியோடு படிக்கட்டில் காத்திருக்கிறான்!

ஆனால் படத்தை உண்மையில் 'படிப்பது' மிஷ்கின் அல்ல, காசநோயில் செத்துக்கொண்டிருக்கும் பையன் இப்போலித். அவன் வாசிக்கும் அந்த நீண்ட அறிக்கையைப் பலரும் அலுத்துப்போய்ப் புரட்டிவிடுவார்கள், தயவுசெய்து புரட்டாதீர்கள். மற்ற ஓவியர்கள் சிலுவையில்கூட முகத்தில் அழகை விட்டுவைப்பார்கள், இதில் அது துளியும் இல்லை, இந்தப் பிணத்தைப் பார்த்த சீடர்கள் இவர் உயிர்த்தெழுவார் என்று எப்படி நம்பியிருக்க முடியும் என்று கேட்கிறான். இயற்கை ஒரு பெரிய இயந்திரம், விலைமதிப்பற்ற ஒருவரை அர்த்தமே இல்லாமல் விழுங்கிவிட்டது என்கிறான். அழகு உலகைக் காப்பாற்றும் என்று மிஷ்கின் சொன்னதாக ஒரு பேச்சு வருகிறதே, அதற்கு இதைவிடக் கடுமையான மறுப்பு நாவலில் இல்லை என்பேன். கடைசியில், இருவருக்கும் நடுவே அலைக்கழிந்து ரோகோஸின் கையால் சாகும் நஸ்தாஸ்யாவின் உடல் கிடப்பதும் அதே வீட்டில்தான்.

சரி, ஆசிரியருக்கே நம்பிக்கை போய்விட்டதா? அப்படித் தோன்றவில்லை. மிஷ்கினை விரும்பும் இன்னொரு பெண்ணான அக்லயாவுக்கு எழுதும் கடிதத்தில் நஸ்தாஸ்யா தன் மனதில் ஒரு கிறிஸ்து படம் வரைகிறாள்: தனியாக உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஒரு குழந்தை. ஹால்பைனைப் பற்றிப் பேசும்போது இந்தப் படத்தையும் மறந்துவிடக் கூடாது.