28 வயதாகியும் விளக்கை அணைத்துத் தூங்க முடியவில்லை, எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. வேலைக்காக ஊர் விட்டு வந்து தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் இருட்டுப் பயம் அப்படித்தான் முற்றியது.

டெல்லி முனிர்க்காவில் நாலாவது மாடி, ஒற்றை அறை. ரூம்மேட் ஊருக்குப் போயிருந்தாள். 2012 ஜூலை 30, ராத்திரி இரண்டரை மணி. ஃபேன் நின்றது. ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கும் இல்லை. வட இந்தியா முழுக்கக் கரண்ட் போயிருந்தது மறுநாள்தான் தெரியும். செல்போனில் சார்ஜ் இல்லை. கட்டிலிலிருந்து கதவுக்கு நாலே எட்டு, சுவரைத் தடவிக்கொண்டே போனேன். தாழ்ப்பாள் வியர்வையில் இரண்டு தடவை வழுக்கியது.

வெளியே மொட்டைமாடியில் கீழ்வீட்டு மதுரை அக்கா, புழுக்கம் தாங்காமல் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். என் கையைத் தொட்டுப் பார்த்தார். "என்னடி, இப்படிச் சில்லுனு இருக்கு? உக்காரு, கண்ணு பழகட்டும்." அரை மணி நேரத்தில் தண்ணீர் டேங்க், கொடியில் என் துப்பட்டா, குழந்தையின் கன்னத்துப் பொட்டு என்று ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது.

கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும். நான் அதுவரை அரை நிமிடம்கூடப் பொறுத்ததில்லை, உடனே ஸ்விட்சைத் தேடுவேன். அதனால் பயம் தானாக இறங்கும் என்பதே தெரியாமல் போயிற்று. பிறகு பழக்கினேன். முதலில் கதவைத் திறந்து வைத்து 5 நிமிடம், அப்புறம் சாத்தி 5, பிறகு 10. படபடப்பு அடங்கிய பிறகுதான் விளக்கு. நடுவில் செல்போனைப் பார்த்தால் பழகின கண் கெட்டுவிடும். மூன்று மாதம் ஆனது.

"மனதைத் திடப்படுத்து" என்று கீழே எழுத வருகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இருபது வருடம் போனது. நான் டாக்டர் இல்லை, எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன். தூக்கமே கெட்டு, மூச்சு முட்டுகிற அளவுக்குப் போனால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், இலவசம், தமிழிலும் பேசலாம்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பழகும்வரை அரை வாட் நைட் லாம்ப் வைத்திருந்தேன். வீட்டுக்காரர் சப்மீட்டரைக் காட்டி மாதாமாதம் சண்டை போட்டார். தினம் பத்து மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்குக் கால் யூனிட்கூட வராது. யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினார். 2019-இல் டெல்லியில் 200 யூனிட் வரை இலவசம் என்று வந்த பிறகும் எங்களிடம் அதே 9 ரூபாய்தான். அந்தச் சின்ன வெளிச்சத்துக்காக அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டது இன்னமும் வலிக்கிறது. நீங்கள் கேட்காதீர்கள்.