வார்டில் படுத்திருக்கும் பிள்ளையின் மனசு: வாசகர் கேள்விகள்

நான்கு வயது மகன் டெங்குவுக்காக ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். வீட்டுக்கு வந்ததிலிருந்து படுக்கையை நனைக்கிறான். திட்டியும் நிற்கவில்லை.

திட்டாதீர்கள். பயந்த பிள்ளைக்குப் பழகிய பழக்கம் கொஞ்ச நாள் பின்னுக்குப் போகும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். இரவில் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள். பொம்மைக்கு ஊசி போட்டு, பிளாஸ்திரி ஒட்டி விளையாடினால் விட்டுவிடுங்கள். தனக்கு நடந்ததை அவன் அப்படித்தான் சொல்கிறான். ஆனால் தாகம் அதிகமாகி, மெலிந்தும் போனால் அன்றைக்கே சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும்.

ஆறு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய் சிகிச்சை. "வலிக்காது" என்று சொல்லியே கூட்டிப்போவோம். இப்போது வாசலிலேயே அலறுகிறாள்.

இந்தச் சிகிச்சை பெரும்பாலும் 2 முதல் 3 ஆண்டு நீளும். அத்தனை நாளும் அவள் உங்களை நம்ப வேண்டுமே! "சுருக்கென்று வலிக்கும், நான் கூடவே இருப்பேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். கட்டிலில் அமுக்கிப் பிடிக்காமல் மடியில் உட்காரவைத்து அணைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கை என்பதை, முடிந்தவரை, அவளே சொல்லட்டும். மரத்துப்போகச் செய்யும் களிம்பு உண்டு. ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும், நர்ஸிடம் கேளுங்கள். முதுகில் ஊசி போடும் நாளில் மயக்க மருந்து பற்றியும் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் உங்களை வெளியே போகச் சொன்னால் தயங்காமல் பேசுங்கள். சின்னப் பிள்ளைகளோடு தாயும் தங்க வேண்டும் என்று பிரிட்டனில், ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் கமிட்டி 1959-லேயே சொல்லிவிட்டது. இன்னமும் அதற்காகக் கெஞ்ச வேண்டியிருப்பது எனக்கு வேதனைதான்.

ஒன்பது வயது மகளுக்கு அடிக்கடி வயிற்றுவலி. ஸ்கேன் எல்லாம் நார்மல். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார்கள். நடிக்கிறாளா?

இல்லை. வலி நிஜம். குடலும் மூளையும் நரம்புகளால் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. பள்ளியில் ஒரு பயம் இருந்தால் வயிறு முறுக்கும். தவறு அனுப்பிய விதத்தில்தான். எல்லா ரிப்போர்ட்டும் வந்த பிறகு "அங்கே போங்க" என்றால், பொய் சொல்கிறாள் என்று சொன்னதுபோல ஆகிவிடுகிறது. முதல் நாளே குழந்தை மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே உங்களுக்கு வந்திருக்காது. இப்போதும் இருவரையும் பாருங்கள். எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, தூக்கத்திலிருந்து வலி எழுப்பினாலோ குழந்தை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

டைப் 1 சர்க்கரை உள்ள 14 வயது மகன் இன்சுலின் போட மறுக்கிறான்.

இது காத்திருக்கும் விஷயமல்ல, இன்றே அழைத்துப்போங்கள். வாந்தி, மூச்சிரைப்பு இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு. ஏன் மறுக்கிறான் என்பதையும் அங்கேயே மருத்துவர் கேட்க வேண்டும். சலிப்பா, வகுப்பில் கேலியா, வாழவே பிடிக்கவில்லையா? அப்புறம், மனசு விட்டுப் பேச 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.