மாடியில் கரி, மகனுக்கு வீசிங்: என்ன செய்யலாம்?

கேள்வி: எண்ணூர் பக்கம் குடியிருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது. மூன்று வருடமாக வீசிங். மழையும் பனியும் வந்துவிட்டால் மாதம் ஒரு தடவையாவது நெபுலைசர் வைக்க ஓடுகிறோம். மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் கரிப்பொடி படிந்துவிடுகிறது. இந்தக் கரிதான் காரணமா? தினமும் இன்ஹேலர் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். பழகிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். காற்றைச் சுத்தம் செய்யும் மிஷின் வாங்கலாமா? வீட்டை மாற்றுவதா? புகார் கொடுத்தால் ஏதாவது நடக்குமா?

பதில்: முதலில் கரி. துணியில் படிகிற, விரலால் தொட்டால் ஒட்டுகிற கரிப்பொடியைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிய துகள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலுமே சிக்கிக்கொள்ளும். தும்மலாகவும் கறுத்த சளியாகவும் வெளியே வந்துவிடும். எனக்குக் கவலை கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி. பிஎம் 2.5 என்று செய்தியில் சொல்கிறார்களே, அது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். நுரையீரலின் கடைசி காற்றுப்பை வரை போகும், அதில் மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கும். கூடவே நிலக்கரி எரியும்போது வரும் கந்தக டை ஆக்சைடு. ஆஸ்துமா உள்ளவர் இதைச் சுவாசித்தால் சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாய் இறுகத் தொடங்கலாம். ஆக, துணி வெள்ளையாக இருக்கிற நாளில் காற்றும் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

சரி, இதுதான் காரணமா? ஒரு குழந்தையின் வீசிங்குக்கு ஒரே காரணம் இருப்பது அபூர்வம். பரம்பரை, சளிக் காய்ச்சல் கிருமிகள், தலையணைத் தூசி, வீட்டில் யாராவது பிடிக்கும் சிகரெட், வெளிக்காற்று எல்லாம் சேர்ந்துதான் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டி வைக்கின்றன. ஏற்கெனவே வீங்கிக் கிடக்கிற குழாயில் கடைசியாக எது போய் விழுகிறதோ அன்றைக்கு வீசிங். உங்கள் பகுதியில் வெளிக்காற்றின் பங்கைச் சிறியது என்று சொல்ல என்னால் முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோதே உங்களுக்குப் பக்கத்து மணலி அதில் இருந்தது. நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை போகலாம் என்கிறது இந்தியத் தரம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் கொடுத்த அளவு 5. அதாவது நம் ஊர்ச் சட்டப்படி "சரியாக இருக்கிறது" என்று அறிக்கை வந்தாலும், நுரையீரல் அதை ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

இனி வீட்டுக்குள். மழைக்காலம் என்றால் கொசு, கொசு என்றால் சுருள். ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுக்க எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமமான நுண்துகள் வெளியாகிறது என்று 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. மூடிய அறையில், பையன் தலைமாட்டில்! தொழிற்சாலையைத் திட்டிக்கொண்டே சுருளைக் கொளுத்துகிற வீடுகளை நிறையவே பார்த்திருக்கிறேன். கொசுவலை கட்டுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியைப் பையன் பள்ளிக்குப் போன பிறகு போடுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்து. துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த தூசியெல்லாம் திரும்பக் கிளம்பும், ஈரத்துணியால் துடைப்பது நல்லது. காசு செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியவை இவை.

மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். இன்ஹேலர் போதைப் பொருள் மாதிரி பழகுகிற மருந்து இல்லை. தினமும் எடுக்கச் சொல்லும் இன்ஹேலரில் பொதுவாக இருப்பது ஸ்டீராய்டுதான், மறைக்கவில்லை. ஆனால் ஒரு இழுப்புக்கு 100 அல்லது 200 மைக்ரோகிராம் அளவில். வீசிங் முற்றிப்போய் அவசரப் பிரிவுக்கு ஓடும்போது கொடுக்கும் மாத்திரையோ மில்லிகிராம் கணக்கில். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். தினசரி இன்ஹேலரை நிறுத்திவிட்டு மாதம் ஒருமுறை மாத்திரைக்கும் நெபுலைசருக்கும் ஓடும் குழந்தையின் உடம்பில்தான் அதிக ஸ்டீராய்டு சேர்கிறது. வருடக்கணக்கில் எடுத்தால் உயரத்தில் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையலாம் என்று தெரிந்திருக்கிறது. சரியாக மூச்சுவிட முடியாமல் வளர்வதோடு ஒப்பிட்டால் இது பெரிய விலை இல்லை என்பது என் அபிப்பிராயம். ஏழு வயதுப் பையனுக்கு ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் பிளாஸ்டிக் குடுவை) இல்லாமல் கொடுக்காதீர்கள், மருந்தில் பாதி நாக்கில்தான் போய் உட்காரும். எடுத்தபின் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மூச்சிரைப்பு வந்தபின் போடும் நீல நிற இன்ஹேலர் வேறு, தினசரி இன்ஹேலர் வேறு. நீலத்தை வாரத்தில் இரண்டு நாளைக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம், டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். விலா எலும்புக்கு இடையே குழி விழுந்தாலோ, ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ யோசிக்காமல் 108.

மிஷின் வாங்கலாமா? ஹெப்பா வடிகட்டி உள்ள கருவி நுண்துகளை நன்றாகவே பிடிக்கும். ஆனால் கதவும் ஜன்னலும் மூடிய அறையில் மட்டும். ஏசி இல்லாத சென்னை வீட்டில் எத்தனை மாதம் ஜன்னலை மூடி வைக்க முடியும்? வாங்குவதென்றால் பையன் தூங்கும் அறைக்கு மட்டும் போதும். 10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 34 கனமீட்டர் காற்று. மணிக்கு ஐந்து தடவையாவது அது வடிகட்டப்பட வேண்டும், அதாவது மணிக்கு 170 கனமீட்டர். அட்டைப் பெட்டியில் சிஏடிஆர் என்று போட்டிருக்கும் எண் (மணிக்கு எவ்வளவு சுத்தக் காற்று தரும் என்ற கணக்கு) இதற்குக் குறைவாக இருந்தால் வேண்டாம். ஓசோன் வெளியிடும் வகை கூடவே கூடாது. வாயுக்களை ஹெப்பா தடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும். என்95 முகக்கவசமும் அப்படித்தான், துகளுக்கு மட்டும். அதிலும் குழந்தை முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தினால்தான் பயன்.

வாயு என்றதும் 2023 டிசம்பர் 26 இரவு உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் சனம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்த இரவு. திரும்ப அப்படி நடந்தால், நனைத்த துணியை மூக்கில் கட்டுங்கள். அம்மோனியா தண்ணீரில் கரையும் என்பதால் ஓரளவு உதவும். காற்று போகிற திசையிலேயே ஓடாமல் அதற்குக் குறுக்காக விலகிப் போங்கள். கண் எரிந்தால் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பையனின் நீல இன்ஹேலரும் ஸ்பேசரும் எப்போதும் ஒரே பையில், கதவுப் பக்கம் தொங்கட்டும்.

இப்போது நான் உங்களிடம் முக்கியமாகக் கேட்பது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தினமும் இரண்டு வரி: தேதி, இருமல் அல்லது வீசிங் எத்தனை மணிக்கு, நீல இன்ஹேலர் எத்தனை தடவை, பள்ளிக்குப் போனானா, வெளியே என்ன நாற்றம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து. காற்றுத் திசை பிடிபடவில்லை என்றால் குப்பத்தில் வயதான மீனவர் யாரையாவது கேளுங்கள். கரைக்காற்று எத்தனை மணிக்குக் கடல்காற்றாகத் திரும்பியது என்று மணி பார்க்காமலே சொல்வார். காற்றுத் தரத்தைக் காட்டும் மத்திய வாரியத்தின் சமீர் செயலியில் மணலி நிலையத்தின் எண்ணையும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அதில் வரும் குறியீடு பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரி. ராத்திரி ஒரு மணி நேரம் மூச்சடைக்கிற நெடி அடித்து ஓய்ந்தால் அந்தச் சராசரியில் அது கரைந்து காணாமல் போகும். உங்கள் நோட்டில் போகாது.

இந்த நோட்டு என்ன செய்யும் என்பதற்கு லண்டனில் ஒரு சாட்சி இருக்கிறது. எல்லா (Ella) கிஸ்ஸி டெப்ரா என்ற சிறுமி அங்கே போக்குவரத்து நெரிசல் மிகுந்த சாலைக்கு அருகில் வசித்தாள். கடும் ஆஸ்துமா. ஏறத்தாழ 30 தடவை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். 2013 பிப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்தாள். அவள் மருத்துவமனையில் சேர்ந்த தேதிகளையும் வீட்டுக்கு அருகில் இருந்த காற்று நிலையத்தின் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் ஒரு பேராசிரியர். அவர் அறிக்கையால், இறப்புக்கான காரணம் பற்றி முன்பு வந்திருந்த தீர்ப்பு ரத்தாகி மறு விசாரணை நடந்தது. அவள் இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அம்மா ஏழு வருடம் விடாமல் நின்றார். அவர் கையில் இருந்த ஆயுதம் தேதிகள்.

நம் ஊரிலும் உண்டு. கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள் 2004 வாக்கில் எந்த நாற்றம் எந்த நேரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து என்று குறித்து வைத்தார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையை வைத்து நாறுகிற காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். "நாறுது சார்" என்று மட்டும் சொன்னபோது காது கொடுக்காத அலுவலகங்கள் ஆய்வகத் தாளைக் கண்டதும் பேச ஆரம்பித்தன.

புகாரை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உங்கள் பகுதி மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள், நகல் கலெக்டருக்கு. "அடிக்கடி புகை வருகிறது" என்று எழுதினால் ஃபைலில் தூங்கும். "இந்தத் தேதி, இரவு 11 முதல் 2 வரை, காற்று வடக்கிலிருந்து, அழுகிய முட்டை நாற்றம், எங்கள் தெருவில் ஆறு குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு" என்று எழுதுங்கள். ஆறு வீட்டுக் கையெழுத்தோடு. அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனு. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியில் தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்தி, பதிவுகளை வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மத்திய வாரியம் 2014-ல் உத்தரவிட்டது. அனல்மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரம் எல்லாம் அதில் அடங்கும். உங்கள் நோட்டில் உள்ள அதே தேதி, அதே மணிக்கான பதிவைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பதிவு வந்தால் பொருத்திப் பாருங்கள். "அந்த நேரம் கருவி வேலை செய்யவில்லை" என்று வந்தால் அதுவும் நல்ல பதில்தான், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வழக்கு தொடுக்க ஆறு மாதக் கெடு உண்டு, நஷ்டஈடு கேட்க ஐந்து வருடம். தேதி தெரியாமல் கெடுவை எண்ண முடியாது, அங்கேயும் நோட்டுதான்.

சீக்கிரம் நடக்குமா என்றால், நடக்காது. அனல்மின் நிலையங்களின் கந்தகப் புகைக்கு 2015 டிசம்பரில் விதி போட்டு இரண்டு வருடம் கெடு கொடுத்தார்கள். அந்தக் கெடு எத்தனை தடவை நீண்டது என்பதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். ஆனால் காற்று சுத்தமானால் பலன் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 1990-களிலும் பிறகு 2007 முதல் 2011 வரையிலும் 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளின் நுரையீரலை அளந்தார்கள். இடையில் சட்டங்களால் காற்று சுத்தமாகியிருந்தது. பின்னால் வந்த பிள்ளைகளுக்கு நுரையீரல் வளர்ச்சி தெளிவாகவே கூடியிருந்தது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும்கூட.

வீடு மாற்றுவதைப் பற்றி. அதே லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்விலிருந்து வேறு ஊருக்குக் குடிபோன 110 பிள்ளைகளைத் தேடிப்போய் அளந்ததில், மாசு குறைந்த இடத்துக்குப் போனவர்களுக்கு நுரையீரல் வளர்ச்சி வேகம் பிடித்தது, மாசு கூடிய இடத்துக்குப் போனவர்களுக்கு மந்தப்பட்டது. ஆக, மாற்றினால் பலன் உண்டு. அதற்காகக் கணவரின் வேலையையும் வாடகையையும் பார்க்காமல் கிளம்புங்கள் என்று நான் சொல்ல முடியாது. முதலில் ஆறு மாதம் இன்ஹேலரை ஒழுங்காகக் கொடுத்து, கொசுவர்த்தியை நிறுத்திப் பாருங்கள். விடுமுறையில் பாட்டி ஊருக்குப் போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். மே மாதம் மட்டும் பார்த்தால் போதாது, வெயில் காலத்தில் சளி குறைவு, எங்கே இருந்தாலும் பையன் கொஞ்சம் நன்றாகத்தான் இருப்பான். பொங்கலுக்குப் போகிற நாட்களையும் எழுதுங்கள். போகி அன்றைக்குப் பழைய டயர் கொளுத்தாத ஊராக இருந்தால் இன்னும் நல்லது. அங்கே இருந்த நாட்களில் நீல இன்ஹேலர் எத்தனை, திரும்பி வந்த வாரத்தில் எத்தனை என்று எண்ணி, அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த இரண்டு பக்கத்தையும் காட்டுங்கள்.