இழையா, நூலா, நாரா?

கேள்வி: தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ‘இழை’ என்கிறார்கள். மகனின் அறிவியல் பாடத்தில் பல்புக்குள்ளும் ‘இழை’ இருக்கிறது. நூல், நார் எல்லாம் இதேதானா, ஐயா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: இல்லை அம்மா. ஒற்றையாக இருப்பது இழை. இழைகள் சேர்ந்தால் நூல். ஒரு வெண்பட்டுக் கூட்டைக் கொதிக்கும் நீரில் போட்டு, பசை இளகியதும் ஈர்க்குக் குச்சியால் கிளறுங்கள். முதலில் சிக்குப் பிடித்த பஞ்சு போல வரும். அதைக் களைந்துவிட்டு இழுத்தால் நுனி கையில் வந்துவிடும். இழுக்க இழுக்கக் கூடு நீரில் உருளும். நல்ல கூடாக இருந்தால் ஆயிரம் மீட்டர் அளவுக்குக்கூட அறாமல் வரும். கறுப்புத் துணிமேல் வைத்தால்தான் அது கண்ணுக்கே தெரியும். இவ்வளவு மெல்லியதை வைத்துக்கொண்டு என்ன நெய்வது? அதனால்தான் பல கூடுகளின் இழைகளை ஒன்றாகச் சேர்த்து இழுத்துக் கச்சாப் பட்டு நூலாக்குகிறார்கள். ஈரிழைத் துண்டு என்று கேட்டு வாங்குகிறோமே, அங்கும் இதே கணக்குதான்.

பல்புக்கும் இந்தப் பெயர் பொருத்தமே. 1879இல் எடிசன் எரியவிட்டது கரியாக்கிய பருத்தி நூலைத்தான். ஏறத்தாழ 3,400 டிகிரி செல்சியஸ் வரை உருகாத டங்ஸ்டன் பிற்பாடு வந்தது.

நார் என்றால் செடி, மரத்தைச் சேர்ந்தது. கிருஷ்ணகிரி மாம்பழச் சந்தையில் ‘நார் இல்லாத பழமா?’ என்று கேட்பார்களே தவிர, இழையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் குறளில் (833) ‘நாரின்மை’ என்று வந்தால் மாம்பழத்தை நினைக்காதீர்கள்; அங்கே நார் என்பது அன்பு.

வினையாக வந்தால் இழை வேறு வேலை பார்க்கும். தச்சர் மரத்தை இழைப்பார், வைத்தியர் மருந்தை இழைப்பார், பகைவர் தீங்கு இழைப்பார். செய்தியாளர்களுக்கோ நூலும் இழையும் சேர்த்தே வேண்டும். தொப்பூர் கணவாய் விபத்துச் செய்தி எதைப் படித்தாலும் யாராவது ஒருவர் ‘நூலிழையில்’ உயிர் தப்பியிருப்பார். சலித்துவிட்டது.

கேள்வி: பேத்திக்குச் ‘சேயிழை’ என்று பெயர் வைக்கலாமா? நூல் என்றுதானே பொருள்?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: இங்கே இழை என்பது அணிகலன். சிவந்த பொன்னணி பூண்டவள் சேயிழை. குறளில் (1124) வரும் ‘ஆயிழை’யும் அவளுக்கு உறவுதான். தாராளமாக வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் ‘சேயிலை’ என்று அச்சாகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.